தாத்தாவின் அம்பாசடரில் ப்ளூடூத்... டேஷ்போர்டில் கை வைக்கும் முன் ஒரு நிமிஷம்!

ஞாயிற்றுக்கிழமை காலை. ஷெட்டிலிருந்து தாத்தாவின் அம்பாசடரை வெளியே எடுத்து, தூசு தட்டி, ஸ்டார்ட் செய்தாகிவிட்டது. அடுத்து கை தானாக ரேடியோ குமிழுக்குப் போகிறது. 'டிக்' என்று ஒரு சத்தம். அப்புறம் வெறும் கரகரப்பு. "தாத்தா, இதுல ப்ளூடூத் இல்லையா?" என்று பின்சீட்டிலிருந்து பேத்தி கேட்கிறாள்.

பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் வேலை இப்படித்தான் ஆரம்பிக்கும். ஆசையில் தப்பே இல்லை. கடையில் வண்டியை விட்ட அரை மணி நேரத்தில் நடப்பதுதான் கொஞ்சம் பயமுறுத்துகிறது. கடைக்காரர் டேஷ்போர்டைப் பார்ப்பார், புது செட்டைப் பார்ப்பார், பிறகு தகரம் வெட்டும் கருவியை எடுப்பார்.

வெட்ட வேண்டி வருவது ஏன்? இன்றைய ஸ்டீரியோக்களின் முகப்பு 180 மி.மீ. நீளம், 50 மி.மீ. உயரம். 'சிங்கிள் டின்' என்று கடைகளில் சொல்வது இந்த அளவைத்தான். பழைய ரேடியோவின் அமைப்பே வேறு. இரண்டு குமிழ்களின் தண்டு நுழைய இரண்டு ஓட்டை, நடுவில் அலைவரிசை முள் தெரிய ஒரு சின்னச் செவ்வகம், அவ்வளவுதான். புது செட் உள்ளே போக அந்த மூன்றையும் ஒரே பெரிய ஓட்டையாக்கிவிடுவார்கள். பிற்பாடு மனசு மாறினாலும் ஒன்றும் செய்ய முடியாது. அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. பிரீமியர் பத்மினி அதற்கும் வெகு முன்னாலேயே போய்விட்டது. புதுப்பேட்டையில் நாள் முழுக்க அலைந்தாலும், நம் மாடலுக்குப் பொருந்தும் வெட்டுப்படாத டேஷ்போர்டு கிடைப்பது அதிர்ஷ்டம்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 50 வயது தாண்டிய வாகனங்களை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய மத்திய அரசு 2021-ல் விதி கொண்டுவந்தது. வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது அந்த விதி. ஒரு ஸ்டீரியோவால் பதிவு கைவிட்டுப் போகாது. ஆனாலும் பழைய கார் வாங்க வருபவர்கள் கதவைத் திறந்ததும் முதலில் பார்ப்பது டேஷ்போர்டைத்தான்.

முதலில் பேட்டரியைப் பாருங்கள்

ஸ்பீக்கர் எந்த கம்பெனி என்ற பேச்சுக்கு முன்னால் பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டும். பேட்டரியின் எந்த முனையிலிருந்து வயர் காரின் உடம்புக்குப் போகிறது? இன்றைய கார்கள் அனைத்திலும் நெகட்டிவ் முனைதான். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இது தலைகீழ். பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். இதற்கு 'பாசிட்டிவ் எர்த்' என்று பெயர். அந்த வண்டியில் புது ஸ்டீரியோவை வழக்கம்போல மாட்டினால், செட்டின் உலோகக் கூடு பாடியைத் தொட்டதுமே ஷார்ட் ஆகும். ஃபியூஸ் போனால் தப்பித்தோம். ஃபியூஸ் இல்லாத இணைப்பாக இருந்தால் வயர் சூடாகிப் புகைய ஆரம்பிக்கும். 50 வருஷத்து ரப்பர் உறை வெடித்த வயர் பக்கத்திலேயே இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

இதை மாற்ற முடியும். பேட்டரி இணைப்பைத் திருப்பி, டைனமோவை மறுபடி போலரைஸ் செய்து, காயில், அம்மீட்டர் வயர்களை இடம் மாற்றினால் வண்டி நெகட்டிவ் எர்த் ஆகிவிடும். அனுபவமுள்ள ஆட்டோ எலெக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை இது. யூடியூப் பார்த்துக் கை வைக்க வேண்டாம்.

அடுத்தது, மின்சாரம் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு. ஆல்டர்னேட்டர் வருவதற்கு முந்தைய கார்களில் டைனமோதான். அந்தக் காலத்து டைனமோ முழு வேகத்தில் சுற்றினால் சுமார் 20 ஆம்பியர் தரும். மழை இரவை நினைத்துப் பாருங்கள். ஹெட்லைட், பின் விளக்குகளுக்கு எட்டு ஆம்பியர், இக்னிஷனுக்கு மூன்று நான்கு, வைப்பருக்கு இரண்டு மூன்று. மிச்சம் எவ்வளவு? சிக்னலில் நிற்கும்போது டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது. பாட்டு முழுக்க பேட்டரியிலிருந்துதான் ஓடும். டிக்கியில் பெரிய ஆம்ப், சப்வூஃபர் என்று கனவு காண்பவர்கள் முதலில் அம்மீட்டர் முள்ளைப் பார்ப்பது நல்லது.

அட்டைப் பெட்டியில் '50 வாட்ஸ் x 4' என்று போட்டிருப்பதைப் பார்த்து மிரளவும் வேண்டாம். அந்த செட்டின் பின்னால் இருக்கும் ஃபியூஸ் பெரும்பாலும் 10 ஆம்பியர். 14 வோல்ட்டை 10 ஆம்பியரால் பெருக்கினால் 140 வாட்ஸ்தான் வருகிறது. அதிலும் ஒரு பங்கு வெறும் சூடாகப் போய்விடும். பிறகு 200 வாட்ஸ் எங்கிருந்து வரும்? ஒரு கண நேர உச்சத்தைப் பெட்டியில் பெரிதாகப் போட்டு விற்கிறார்கள்.

ரேடியோ அங்கேயே இருக்கட்டும்

வெட்டாமல் செய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பழைய ரேடியோவின் முகப்பு, குமிழ், முள் எல்லாம் அப்படியே இருக்க, உள்ளே மட்டும் எஃப்.எம்., ப்ளூடூத் உள்ள புதிய போர்டை வைப்பது. அதே குமிழைத் திருப்பினால் சத்தம் கூடும். பார்க்க அழகு, ஆனால் பழைய ரேடியோவின் குடலை எடுத்துவிடுகிறோம். ஓடக்கூடிய ரேடியோவாக இருந்தால் அதைச் செய்ய மனசு வரக் கூடாது.

இரண்டாவது வழி எளிது, செலவும் குறைவு. பழைய ரேடியோவைத் தொடவே வேண்டாம். உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஆம்ப் ஒன்றை க்ளவ் பாக்ஸுக்குள்ளோ சீட்டுக்கு அடியிலோ ஒளித்து வைத்துவிடலாம். பாட்டை மாற்றும் வேலையை போன் பார்த்துக்கொள்ளும். இதற்கு பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்கு அரை மீட்டருக்குள் தனி ஃபியூஸ். ஏற்கெனவே உள்ள பழைய வயரில் ஒட்டுப் போடவே கூடாது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஸ்பீக்கருக்கு வருவோம். பழைய கார்களில் பெரும்பாலும் ஒரே ஸ்பீக்கர். அதன் ஒரு வயர் நேராக பாடியிலேயே முடிந்திருக்கும். இன்றைய செட்டை அதில் இணைத்தால் உள்ளே இருக்கும் ஐ.சி. எரிந்துபோகும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயர் தனியாக இழுத்தாக வேண்டும். ஸ்டீரியோவுக்காக இன்னொரு ஓட்டை போட வேண்டுமோ என்று கவலைப்பட வேண்டாம். இரண்டு வாய்ஸ் காயில் உள்ள ஸ்பீக்கர்கள் கிடைக்கின்றன. இடது, வலது இரண்டையும் ஒன்றே வாங்கிக்கொள்ளும். பழைய ஜல்லடைக்குப் பின்னால் அதை வைத்தால் வெளியே எதுவும் தெரியாது. முன்கதவில் ஸ்பீக்கர் போட ஆசைப்பட்டால் முதலில் கண்ணாடியை முழுக்க இறக்கிப் பாருங்கள். ஸ்பீக்கரின் காந்தம் கண்ணாடியில் இடிக்கிறதா என்பதை ஓட்டை போட்ட பிறகு தெரிந்துகொள்பவர்கள்தான் அதிகம்.

எல்லாம் மாட்டிய பிறகு பாட்டோடு சேர்ந்து 'உய்ய்ய்' என்று ஒரு விசில் வரலாம். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அது ஏறினால் டைனமோவின் வேலை. அதன் அவுட்புட் முனையில் ஒரு சின்ன கண்டென்சர் போட்டால் அடங்கும். 'எஃப்' என்று குறித்த ஃபீல்ட் முனையில் மட்டும் போட்டுவிடக் கூடாது. ரேடியோவில் 'டப் டப்' என்று வந்தால் ஸ்பார்க் ப்ளக் பக்கம் பார்க்க வேண்டும். ரெசிஸ்டர் உள்ள வயர் மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

பழைய காருக்குள் சாலைச் சத்தமும் இன்ஜின் சத்தமும் சேர்ந்துதான் வரும். அதை அமுக்க வால்யூமைக் கூட்டுவதைவிட, கார்ப்பெட்டுக்கு அடியில் சத்தத்தை உறிஞ்சும் ஷீட் ஒட்டுவது எவ்வளவோ மேல். ஒட்டுவதற்கு முன் தரையில் துரு இருக்கிறதா என்று சுரண்டிப் பார்த்துவிடுங்கள். துருவின் மேல் ஒட்டினால் அடுத்த மழைக்காலத்தில் தரைத் தகடே கையோடு வரும்.

வேலை முடிந்து கழற்றிய ஸ்பீக்கர், ஸ்க்ரூ, வாஷர் எல்லாவற்றையும் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, எது எங்கிருந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வையுங்கள். பேத்தி ஓட்டும் காலத்தில் அதைத் தேடுவாள்.