ஆறு மணிக்கு ஓட்டம், ஏழரைக்குச் சோறு

மலேசியாவின் கோல சிலாங்கூர் பக்கத்தில், புக்கிட் ரோத்தானைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரம் நின்ற காலத்தில், பகலில் பிள்ளைக்குச் சோறூட்டும் வேலை பெரும்பாலும் தாயின் கையில் இல்லை. விடிவதற்கு முன்பே, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்க வேண்டியவள், தூங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய் ஆயாக் கொட்டாயில் விட்டுவிட்டு வெட்டுக்குப் போய்விடுவாள். அங்கே இருப்பது ஓர் ஆயாவும் ஒரு கூட்டம் பிள்ளைகளும். எல்லாருக்கும் ஒரே நேரம், ஒரே சாப்பாடு. அந்த வாழ்க்கையைத் திரும்பக் கேட்பவர் யாரும் இல்லை. கூலியும் குறைவு, தாய்க்கு ஓய்வும் இல்லை. ஆனாலும் ஒரு பிள்ளைக்குப் பின்னால் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்க அங்கே யாருக்கும் முடிந்ததில்லை.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகி, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தன. 2011இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்த பிறகு, கோல சிலாங்கூர் பக்கத்திலிருந்து கோலாலம்பூர் சுற்றுவட்டாரத்துக்குத் தினமும் வேலைக்குப் போய் வருவது எளிதாயிற்று. வேலை முடிந்து வீடு திரும்பும் இளம் தாய்க்கு இருட்டுவதற்குள் மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். அதைத் தின்றுவிடுவது பெரும்பாலும் மூன்று வயதுப் பிள்ளையின் ஒரு கிண்ணம் சோறுதான்.

அந்தக் காட்சி எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ரசம் ஊற்றிப் பிசைந்த சோறு ஆறி, பருக்கைகள் ஊதிக் கிடக்கும். பிள்ளையின் கண் கைப்பேசியில் இருக்கும். ஊட்டிய முதல் வாய் இன்னும் இடது கன்னத்தில் அதங்கியபடியே இருக்க, இரண்டாவது வாய் உதட்டருகே காத்திருக்கும். “ஒரு வாய் வாங்கிக்கடா கண்ணு, பாட்டிக்காக” என்று கெஞ்சல். அடுத்தது பூச்சாண்டி. அதற்கும் மசியாவிட்டால், “முடிச்சா ஐஸ்கிரீம்.” கடைசியில் பாதிச் சோறு குப்பைக்குப் போகும், பிள்ளை புட்டிப் பாலோடு படுக்கப் போகும். அலமாரியில் இருக்கும் ஓட்டக் காலணியை எடுக்கத் தாய்க்குத் தெம்பு இருக்காது.

ஓட நேரமில்லை என்று சொல்லும் பெண்களுக்கு நேரம் மறைந்திருக்கும் இடம் இந்தக் கிண்ணம்தான். அந்த நேரத்தை மீட்பதால் பிள்ளைக்கு நட்டமில்லை. குழந்தைகளின் பசியைப் பற்றிக் கடந்த நூறாண்டில் நடந்த ஆய்வுகள் அந்தத் தைரியத்தைத் தருகின்றன.

முதலில் வளர்ச்சிக் கணக்கு. மூன்று கிலோவில் பிறக்கும் குழந்தை முதல் பிறந்தநாளில் ஒன்பது கிலோவைத் தொடுகிறது. அந்த ஓராண்டில் எடை மூன்று மடங்கு. அதே வேகத்தில் போனால் இரண்டாவது பிறந்தநாளில் இருபத்தேழு கிலோ இருக்க வேண்டும்! அப்படி நடப்பதில்லை. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோதான் கூடுகிறது. வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் இறங்கும். “போன வருசம் நல்லாத்தான் சாப்பிட்டான், கண்ணு பட்டிருச்சு” என்று பாட்டி சுற்றிப் போடுவது பெரும்பாலும் இந்த இயல்பான இறக்கத்துக்குத்தான். புதிய உணவைக் கண்டு மிரளும் குணம் உச்சத்தில் இருப்பதும் இதே இரண்டு முதல் ஆறு வயதுக்குள். அதில் பரம்பரைக்கும் பெரும் பங்கு உண்டு என்று பிரிட்டனில் இரட்டையரை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டின. பிள்ளை கீரையைத் தள்ளிவிடுவது தாயின் சமையலுக்கோ வளர்ப்புக்கோ கிடைத்த மதிப்பெண் இல்லை.

1928இல் கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர், அப்போதுதான் தாய்ப்பால் மறந்த குழந்தைகளின் முன்னால் பலவகை எளிய உணவுகளை வைத்து, எதை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள விட்ட சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். குழந்தைகள் ஒரு நாள் ஒன்றையே தின்றன, மறுநாள் அதைத் தொடவில்லை. ஆனால் எல்லாரும் நன்றாக வளர்ந்தார்கள். அவர் முன்னால் வைத்தவை எல்லாமே சத்தான உணவுகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீனியும் பொரித்த பொட்டலமும் அந்தத் தட்டில் இல்லை. 1991இல் லியான் பர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை எண்களால் உறுதிப்படுத்தினார். இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் வேளைக்கு வேளை தின்னும் அளவு தாறுமாறாக ஏறி இறங்கியது. ஆனால் ஒரு நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே அளவு. மதியம் இரண்டு வாயோடு எழுந்துபோன பிள்ளை, இரவிலோ மறுநாள் காலையிலோ அதை ஈடுகட்டிக்கொள்கிறது.

வற்புறுத்தினால் என்ன ஆகும்? 2006இல் வெளியான ஓர் ஆய்வில் பாலர்பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு வகை சூப் வைத்தார்கள். ஒன்றைத் தரும்போது “சூப்பைக் குடித்து முடி” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள், மற்றதைப் பேசாமல் வைத்தார்கள். சொல்லாமல் வைத்த சூப்தான் அதிகம் இறங்கியது. சொல்லித் தந்த சூப்பைப் பற்றிப் பிள்ளைகள் குறைசொன்னது பல மடங்கு. ஐஸ்கிரீம் பேரத்துக்கும் இதே கதிதான். எதைத் தின்றால் பரிசு உண்டோ அது கசப்பாகிறது, பரிசு இன்னும் இனிக்கிறது.

அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் 1980களில் இதற்கு ஒரு வேலைப் பங்கீடு எழுதினார். என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பவை பெரியவர்கள் பாடு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பவை பிள்ளையின் பாடு. இன்றைக்குப் பல நாடுகளின் குழந்தை மருத்துவர்கள் சொல்வது இதுதான். இதில் பெரியவர்களுக்குக் கிடைக்கும் உரிமையைச் சிறிதாக நினைக்கக் கூடாது. குறிப்பாக நேரம். பிள்ளைக்குப் பசி வர இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளி தேவை. நம் வீடுகளில் அந்த இடைவெளி கிடைப்பதே இல்லை. நான்கு மணிக்கு மைலோ, நான்கரைக்கு பிஸ்கட், ஐந்தரைக்கு கெரொபோக், நடுவே அழுதால் புட்டிப் பால். ஏழரைக்கு வரும் சோற்றுக்கு வயிற்றில் இடம் ஏது?

புட்டிப் பாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் பால் போதும். அதைவிட அதிகமானால் சோற்றுப் பசி அடங்கிவிடும், இரும்புச் சத்தும் குறையும். சோகை பிடித்த பிள்ளைக்குப் பசி இன்னும் மந்தமாகும். “வளரும் பிள்ளைகளுக்கான பால்மாவு” என்று டின்னில் விற்பது அவசியமில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2013இலேயே சொல்லிவிட்டது. அந்தப் பணத்துக்கு வாரம் முழுவதும் கெம்போங் மீனும் முட்டையும் வாங்கலாம். பாசிர் பெனாம்பாங் மீன்பிடித் துறை பக்கத்திலேயே இருக்கிறது. முருங்கை பல வீட்டு வேலியிலேயே நிற்கிறது.

தட்டில் வைக்கும் அளவும் சிறிதாகட்டும். வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது நல்ல கணக்கு. மூன்று வயதுப் பிள்ளைக்கு மூன்று கரண்டி சோறு, கொஞ்சம் மீன், ஓரமாக இரண்டு துண்டு காய். பிள்ளைக்குப் பழகிய ஏதாவது ஒன்று அந்தத் தட்டில் கட்டாயம் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசையாமல் தனித்தனியாக வைத்தால், எது எது என்று பிள்ளைக்குத் தெரியும், பயம் குறையும். ஒரு காயைப் பிள்ளை ஏற்க எட்டு முதல் பதினைந்து முறை கண்ணில் பட வேண்டியிருக்கும். மூன்றாம் முறையிலேயே “இவனுக்குப் பிடிக்காது” என்று கைவிடும் வீடுகள்தான் அதிகம். இருபது, முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடலாம், திட்டாமல். அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும்.

இனி ஓட்டம்.

நான்கரை மணிக்குச் சிற்றுண்டி, ஏழரைக்குச் சோறு என்று வைத்தால் நடுவே ஒரு வெற்றிடம் உண்டாகிறது. பிள்ளையின் வயிறு காலியாக வேண்டிய அந்த நேரமே தாய் ஓடக்கூடிய நேரம். பிள்ளையைத் திடலுக்குக் கூட்டிப்போனால், அது ஓடியாடிப் பசியோடு திரும்பும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது உடலை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிட மிதமான உழைப்பு, அல்லது ஓட்டம் போன்ற கடினமான உழைப்பாக 75 நிமிடம். எழுபத்தைந்து நிமிடம் என்பது வாரத்தில் மூன்று மாலை, மாலைக்கு இருபத்தைந்து நிமிடம்.

ஏன் மாலை? ஓட்டக்காரர்கள் விடியற்காலையைத்தான் சொல்வார்கள். புக்கிட் ரோத்தானில் அது பெண்களுக்குக் கடினம். 1982 ஜனவரி முதல் நாளில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதனால் இங்கே பொழுது விடிய ஏழு மணியாகிறது. ஏழரைக்குள் பிள்ளைகள் பள்ளியில் இருக்க வேண்டும். ஆறு மணிக்கு ஓடுவதென்றால் கும்மிருட்டில், செம்பனை வரிசைகளுக்கு நடுவே, தெருநாய்களுக்கும் குலை ஏற்றிய லாரிகளுக்கும் பயந்து ஓட வேண்டும். அதே கடிகாரம் மாலையில் கைகொடுக்கிறது. ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஆறு மணிக்கு மேல் வெயிலும் தணியும்.

புதிதாகத் தொடங்குபவர் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடக்கலாம். மூச்சு வாங்கினாலும் ஒரு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். பிரசவமான பெண்கள் மூன்று மாதமாவது கழித்து ஓட்டத்தைத் தொடங்குவது நல்லது என்று பிரிட்டனின் உடலியக்க நிபுணர்கள் 2019இல் வழிகாட்டினார்கள். சிறுநீர் கசிவோ அடிவயிற்றில் கனமோ தெரிந்தால் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓடினால் தாய்ப்பால் கெட்டுவிடும், வற்றிவிடும் என்ற பயம் இன்னும் பல வீடுகளில் உண்டு. அது வீண் பயம். தாய்ப்பால் கொடுக்கும் பெண்கள் வாரத்தில் ஐந்து நாள் உடற்பயிற்சி செய்து பார்த்த 1994ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், பாலின் அளவிலோ குழந்தையின் எடையிலோ குறை எதுவும் தென்படவில்லை.

பாலூட்டும் தாயால் எவ்வளவு தூரம் ஓட முடியும் என்று காட்டியவர் ஸ்காட்லாந்தில் வாழும் கால்நடை மருத்துவர் ஜாஸ்மின் பாரிஸ். 2019 ஜனவரியில், பிரிட்டனின் மலைமுதுகில் 268 மைல் ஓடும் ஸ்பைன் பந்தயத்தை 83 மணி 12 நிமிடத்தில் முடித்தார். ஆண்களையும் சேர்த்து முதலிடம், பழைய சாதனையைவிடப் பன்னிரண்டு மணி நேரம் குறைவு. வீட்டில் இருந்த பதினான்கு மாத மகளுக்காக வழியிலிருந்த நிறுத்தங்களில் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டே ஓடினார். அதற்கு முந்தைய ஆண்டு ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங் பந்தயத்தில், சோஃபி பவர் மூன்று மாதக் கைக்குழந்தைக்கு ஒரு நிறுத்தத்தில் உட்கார்ந்து பாலூட்டிய படம் உலகெங்கும் பரவியது. கர்ப்பத்துக்காகப் பதிவைத் தள்ளிவைக்க ஏற்பாட்டாளர்கள் அப்போது மறுத்திருந்தார்கள். அந்தப் படத்துக்குப் பிறகு பல பந்தயங்கள் விதியை மாற்றின. மலேசியத் தமிழ்ப் பெண்களுக்கும் ஓட்டம் புதிதல்ல. எம். ராஜாமணி 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர், 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்றவர்.

புக்கிட் ரோத்தான் தாய்மாருக்கு அவ்வளவு வேண்டாம், மாலைக்கு இருபத்தைந்து நிமிடம் போதும். அதன் தேவையோ பெரியது. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசியக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதே கணக்கெடுப்பில், நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். பிள்ளை வளரவில்லையே என்று தவிக்கும் தாய், தன் சர்க்கரை ஏறுவதைக் கவனிக்க நேரமில்லாமல் இருக்கிறாள்.

அடம் என்று எல்லாவற்றையும் விட்டுவிடவும் கூடாது. எடை குறைந்தாலோ, மாதக்கணக்கில் ஏறாமல் நின்றாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, தின்னும் உணவுகளின் பட்டியல் மாதா மாதம் சுருங்கினாலோ, முகம் வெளுத்துச் சோர்ந்தாலோ, குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போக வேண்டும். அதிலுள்ள வளர்ச்சிக் கோடு, ஒரு வேளைச் சோற்றைவிட நம்பகமான சாட்சி.

தாய் திடலைச் சுற்றும்போது பிள்ளையைப் பார்ப்பது யார், ஏழரைக்குத் தட்டு வைப்பது யார் என்ற கேள்வி மிஞ்சுகிறது. தந்தை வைக்கலாம், தாத்தா வைக்கலாம். அம்மாவிடம் அடம்பிடிக்கும் பிள்ளைகள் பல, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தால் பேசாமல் தின்று எழுந்துவிடுகின்றன. அங்கே பேரம் பேசி ஜெயித்த பழக்கம் அவற்றுக்கு இல்லை. மூன்று, நான்கு தாய்மார் சேர்ந்தால் இன்னும் எளிது. இருவர் ஓட, இருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, பிறகு மாறிக்கொள்ளலாம்.

இதற்கு நாய்த் தொல்லையும் லாரியும் இல்லாத, வேலி போட்ட ஓர் இடம் வேண்டும். அது ஏற்கெனவே இருக்கிறது. இந்த வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் திடல்கள் பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு வெறுமனே கிடக்கின்றன. வாரத்தில் மூன்று மாலை, ஆறு மணி முதல் ஏழேகால் வரை அந்த வாசலைத் திறந்துவிட, பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தலைமையாசிரியரும் உட்கார்ந்து பேசினால் முடியும். அடுத்த கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து கேட்கட்டும்.