காலையில் முதல் அடி வைத்ததும் குதிகால் சுரீர்னு வலிக்குதா? இதைப் படிங்க!

அலாரம் அடிக்குது. அரைத் தூக்கத்தில் கட்டிலைவிட்டு இறங்கி, காலைத் தரையில் வைக்கிறீர்கள். குதிகாலில் ஆணி இறங்கின மாதிரி சுரீர்னு ஒரு வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் கொஞ்சம் குறைகிறது. குளித்து முடிக்கும்போது மறந்தே போகிறது. 'நேத்து நிறைய நடந்தோம்ல, அதான்' என்று வேலைக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். மறுநாள் காலை... மறுபடியும் அதே சுரீர்!

இது உங்கள் கதைன்னா, காரணம் பெரும்பாலும் 'பிளான்டார் ஃபேஸியைட்டிஸ்' ஆக இருக்கலாம். பெயர்தான் வாயில் நுழையாது. விஷயம் ரொம்ப சிம்பிள்.

உள்ளங்காலில் என்ன நடக்குது?

குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிப்பகுதி வரைக்கும் உள்ளங்காலில் தடிமனான ஒரு நார்ப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் நடுவில் இருக்கும் வளைவைத் தாங்குவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. வில்லுக்கு நாண் மாதிரி. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் உடம்பின் எடை இறங்கி, இந்தப் பட்டை இழுபடும். தாங்கும் அளவைத் தாண்டி தினமும் இழுபட்டால், குதிகால் எலும்போடு அது ஒட்டும் இடத்தில் நுண்ணிய சேதம் ஏற்படும். பட்டை தடித்து, வலிக்க ஆரம்பிக்கும்.

சரி, ராத்திரி முழுக்க ரெஸ்ட் எடுத்த பிறகு, காலையில் ஏன் அதிகமாக வலிக்குது? தூங்கும்போது பாதம் தளர்ந்து கீழ்நோக்கி மடங்கியிருக்கும். ஆடுசதையும் நார்ப்பட்டையும் விறைத்துப்போயிருக்கும். எழுந்ததும் மொத்த எடையையும் அதன்மேல் இறக்கினால் வலிக்காமல் என்ன செய்யும்? நாலு அடி நடந்ததும் பட்டை இளகுவதால்தான் வலி குறைகிறது. குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. தியேட்டரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தாலும் இதே கதைதான்.

யாருக்கெல்லாம் வரும்?

40 முதல் 60 வயதுக்காரர்களிடம்தான் இது அதிகம். ஆனால், இருபதுகளில் இருப்பவர்களையும் விடாது. பழக்கமே இல்லாமல் திடீரென்று தினமும் ஓட ஆரம்பிப்பது, உடல் எடை கூடுவது, தட்டைப் பாதம் அல்லது வளைவு அதிகமான பாதம், இறுக்கமான ஆடுசதை, தேய்ந்துபோன மெல்லிய செருப்பு, வீட்டில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பது... இதெல்லாம் ஆபத்தைக் கூட்டும்.

நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்கள் இன்னும் பாவம். துணிக்கடை ஊழியர்கள், நர்ஸ்கள், செக்யூரிட்டிகள், ஹோட்டல் சர்வர்கள்... இவர்களிடம் 'ரெஸ்ட் எடுங்க' என்று சொல்வது ஈஸி. எடுக்க முடியணுமே? தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்கிறது அது. கேரளாவில் 2018-லேயே இப்படி ஒரு திருத்தம் வந்துவிட்டது. ஆக, கஸ்டமர் இல்லாத நேரத்தில் உட்காருவது முதலாளி காட்டும் கருணை இல்லை, உங்கள் உரிமை.

'எலும்பு வளர்ந்திருக்கு'ன்னு சொன்னாங்களா?

எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு முள் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் பலர் பயந்துவிடுகிறார்கள். இப்படி முள் வளர்ந்திருக்கும் பலருக்கு வலியே இருப்பதில்லை. வலிக்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பட்டைதான். அதனால் 'முள்ளை வெட்டி எடுக்கணுமோ' என்று பதற வேண்டாம்.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

* கட்டிலைவிட்டு இறங்கும் முன், வலிக்கும் காலைத் தூக்கி மற்ற தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். கால் விரல்களைக் கையால் உங்களை நோக்கி இழுத்து, 10 விநாடிகள் பிடியுங்கள். இப்படி 10 முறை. ஒரு நாளைக்கு 3 வேளை.

* சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, முட்டியை மடக்காமல், குதிகால் தரையைவிட்டு எழும்பாமல் முன்னால் சாயுங்கள். ஆடுசதை இழுபடுவது தெரியும். 30 விநாடிகள் அப்படியே நில்லுங்கள்.

* தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறையவைத்து, ஒரு துணியைச் சுற்றி, உள்ளங்காலுக்கு அடியில் சில நிமிடங்கள் உருட்டுங்கள்.

* குதிகாலில் மெத்தென்றும், பாத வளைவுக்குத் தாங்கலாகவும் இருக்கும் செருப்பைப் போடுங்கள். வீட்டுக்குள்ளும்தான்!

* ஓட்டம், ஸ்கிப்பிங்கைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, சைக்கிள், நீச்சல் என்று மாறுங்கள்.

செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்க இலையை வைத்து ஒத்தடம் கொடுக்கச் சொல்வார்கள் வீட்டுப் பெரியவர்கள். இளஞ்சூடு இதமாக இருக்கலாம். ஆனால், பட்டையைச் சரிசெய்யாது. சர்க்கரைநோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாமல் புண்ணாகிவிடும் என்பதால், அவர்கள் இதைச் செய்யவே கூடாது.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

பாதம் வீங்கிச் சூடாக இருந்தால், காய்ச்சல் சேர்ந்து வந்தால், மரத்துப்போனால், படுத்திருக்கும்போதும் வலி எழுப்பினால், 'டப்' என்று ஏதோ அறுந்த மாதிரி உணர்ந்தால் உடனே போங்கள். இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கமாக இருந்தால், அது வேறுவகை மூட்டுப் பிரச்னையாக இருக்கலாம். சில வாரங்கள் பயிற்சி செய்தும் குறையவில்லை என்றாலும் டாக்டரைப் பாருங்கள். ஸ்டீராய்டு ஊசி சிலருக்குத் தற்காலிக நிம்மதி தரும். திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டால் பட்டை கிழியும் ஆபத்தும் உண்டு. அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

பெரும்பாலானோருக்கு ஆபரேஷன் இல்லாமலே இது சரியாகிவிடும். ஆனால், அதற்குச் சில மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வருடம்கூட. பலர் சறுக்குவது இங்கேதான். இரண்டு வாரத்தில் வலி குறைந்ததும் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள். வலி திரும்பி வந்து நிற்கும்.

அதனால், நாளை காலை அலாரம் அடித்ததும் அவசரமாகக் காலைத் தரையில் வைக்காதீங்க. முதலில் விரல்களை இழுத்துப் பிடித்து, பத்து வரைக்கும் எண்ணுங்க.