புழுவுக்குப் போட்ட ஊசி

மாணவர்களே, 2008ஆம் ஆண்டில் எகிப்து நாட்டில் ஒரு சுகாதார ஆய்வு நடந்தது. 15 முதல் 59 வயது வரையிலானவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். ஏறக்குறைய 15 விழுக்காட்டினரிடம் ஹெபடைடிஸ் சி கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. உங்கள் வகுப்பில் 30 பேர் இருந்தால் நான்கைந்து பேர் என்று கணக்கு. அப்போது உலகில் வேறெந்த நாட்டிலும் இந்த அளவு பரவல் இல்லை. எகிப்தில் மட்டும் ஏன் இப்படி?

விடை ஒரு புழுவிடமிருந்து தொடங்குகிறது. நைல் நதியின் வாய்க்கால்களில் வாழும் நத்தைகளுக்குள் பில்ஹார்சியா புழுவின் குஞ்சுகள் வளர்கின்றன. நத்தையை விட்டு வெளியேறியதும் அவை நீரில் நீந்தி, தண்ணீரில் இறங்கும் மனிதனின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகின்றன. பிறகு சிறுநீர்ப்பையையோ குடலையோ சுற்றியுள்ள இரத்தக் குழாய்களில் தங்கி முட்டையிடுகின்றன. சிறுநீரில் இரத்தம் போகும். ஆண்டுக்கணக்கில் உடல் நலியும். 1910இல் பழைய எகிப்திய மம்மிகளின் சிறுநீரகத்தில்கூட இந்த முட்டைகளைக் கண்டார்கள். 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய உடல்கள் அவை! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வயலில் இறங்காமல் விவசாயி பிழைக்க முடியாது. ஆகவே புழுவைக் கொல்ல மருந்து வேண்டும். 1918இல் சூடானில் கிறிஸ்டோபர்சன் என்ற மருத்துவர், ஆண்டிமனி உலோகம் கலந்த ஓர் உப்பைக் கரைத்து நரம்பில் ஊசியாக ஏற்றினால் புழு சாகும் என்று காட்டினார். எகிப்து அதை 1920களிலேயே பயன்படுத்தத் தொடங்கியது. 1950களிலிருந்து கிராமம் கிராமமாகப் பெரிய இயக்கமாகவே நடத்தியது. 1964 முதல் 1982 வரை மட்டும் ஆண்டுக்குச் சுமார் இரண்டரை லட்சம் பேருக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் போடப்பட்டன. ஒருவருக்கு ஓர் ஊசி போதாது, வாரக்கணக்கில் பல ஊசிகள் தேவை என்பது இந்த எண்களிலிருந்தே உங்களுக்குப் புரியும்.

அந்தக் காலத்து ஊசிக்குழல் கண்ணாடியால் ஆனது. தூக்கிப் போடுவதில்லை, கழுவிக் கொதிக்க வைத்து மறுபடியும் பயன்படுத்துவார்கள். 'கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடுமே, டீச்சர்?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். உள்ளே ஒட்டிய இரத்தத்தை முழுவதும் கழுவி, போதிய நேரம் கொதிக்க வைத்தால் சாகும். ஆனால் வெளியே நீண்ட வரிசை. கையில் இருப்பதோ சில ஊசிக்குழல்கள். அவசரத்தில் ஒருவரின் இரத்தத் துளி அடுத்தவரின் நரம்புக்குள் போனது. ஊசி போட்டவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஹெபடைடிஸ் சி கிருமி கண்டறியப்பட்டதே 1989இல்தான். ஆயினும், இரத்தம் வழியாக மஞ்சள் காமாலை பரவக்கூடும் என்பது 1940களிலேயே மருத்துவ உலகுக்குத் தெரியும். அதையும் சொல்லாமல் விட முடியாது.

இந்தக் கிருமி சத்தம் போடாது. உடலுக்குள் நுழைந்து 20, 30 ஆண்டுகள் வரை எந்த அறிகுறியும் காட்டாமல் கல்லீரலை மெல்ல மெல்லத் தழும்பாக்கும். ஊசி போட்ட சிறுவன் தாத்தாவான பிறகுதான் வயிறு வீங்கும். அதற்குள் அந்த ஊசியை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

1980களில் புழுவுக்கு வாய்வழி மாத்திரை வந்துவிட்டது, ஊசி இயக்கம் நின்றது. 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வட்டாரவாரியாகக் கணக்கை ஒப்பிட்டார்கள். ஊசி அதிகம் போடப்பட்ட நைல் கழிமுகக் கிராமங்களில் ஹெபடைடிஸ் சி அதிகம். கெய்ரோ, அலெக்சாண்டிரியா நகரங்களில் குறைவு. ஊசிக் காலத்துக்குப் பின் பிறந்த இளையோரிடமும் குறைவு.

இத்துடன் 'நிரூபித்தாயிற்று' என்று எழுதினால் நான் முழு மதிப்பெண் தரமாட்டேன். இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. புழு இருக்கும் இடத்தில்தானே ஊசியும் போடப்பட்டது? புழுவே மக்களைப் பலவீனமாக்கிக் கிருமிக்கு வழிவிட்டிருக்கலாமே?

இங்கேதான் இன்னொரு சான்று உதவியது. இந்த வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது எழுத்துப் பிழைகள் செய்யும்; திருத்தாது. பிழைகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சேரும். பல நோயாளிகளின் கிருமிகளை ஒப்பிட்டுப் பிழைகளை எண்ணினால், அவை எப்போது பெருகின என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். எகிப்தியக் கிருமியின் திடீர்ப் பெருக்கம் 1930களுக்கும் 1950களுக்கும் இடையில் வந்து நின்றது. புழுவோ 3,000 ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் புதிதாக வந்தது ஊசிதான். இயக்கம் நின்ற பிறகும் பரவல் முழுவதும் நிற்கவில்லை. ஏற்கெனவே பலரின் உடலில் கிருமி இருந்ததால், சிகிச்சைக் கருவிகளைச் சரியாகச் சுத்தம் செய்யாத இடங்களில் அது தொடர்ந்து பரவியது.

நெடுங்காலம் இதற்குச் சிகிச்சை என்றால் ஓராண்டு அளவுக்கு நீளும் இண்டர்ஃபெரான் ஊசி. எகிப்தில் பரவலாக உள்ள நான்காம் வகைக் கிருமியிடம் அது பலருக்குப் பலிக்கவில்லை. 2013இன் இறுதியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. வைரஸ் தன்னைப் படியெடுக்கும் இயந்திரத்தையே அது அடைத்துவிடும். இன்னொரு மாத்திரையுடன் சேர்த்து 12 வாரம் சாப்பிட்டால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். ஆனால் அங்கே 12 வாரத்துக்கான விலை 84,000 டாலர்! எகிப்து அரசு பேரம் பேசி, அதே மருந்தை 900 டாலருக்கு வாங்கியது. பிறகு உள்ளூர் நிறுவனங்களே இன்னும் மலிவாகத் தயாரித்தன.

மருந்து கிடைத்தால் போதுமா? நோயாளிக்கே நோய் இருப்பது தெரியாதே. 2018 அக்டோபர் முதல் ஏழு மாதங்களில் 18 வயதுக்கு மேற்பட்ட 4 கோடியே 96 லட்சம் பேரின் விரல் நுனியில் குத்திச் சோதித்தார்கள். பள்ளிகளில் உங்கள் வயது மாணவர்களையும் விட்டுவைக்கவில்லை. எதிர்ப்பொருள் இருந்தவர்களுக்கு, கிருமி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இரண்டாம் சோதனை நடந்தது. ஏனென்றால் கிருமி போன பிறகும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் தங்கியிருக்கும். 2023 அக்டோபரில், ஹெபடைடிஸ் சி ஒழிப்புப் பாதையில் தங்கத் தரத்தை எட்டிய முதல் நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் எகிப்தை அறிவித்தது.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சோஃபோஸ்புவிருடன் சேர்த்துச் சாப்பிடும் ரவிடாஸ்விர் என்ற மலிவான மாத்திரையை ஓர் எகிப்திய நிறுவனம் தயாரிக்க, அதன் சோதனைகள் மலேசியாவிலும் தாய்லாந்திலும் நடந்தன. 2021இல் மலேசியா அதைப் பதிவு செய்தது. ஹெபடைடிஸ் சிக்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. குணமானவரையும் கிருமி மறுபடி தொற்றலாம். ஆகவே ஊசிக்குழலை உறையிலிருந்து புதிதாகப் பிரிப்பதை அடுத்த முறை கிளினிக்கில் கவனித்துப் பாருங்கள். காது குத்தும் கடையிலும்தான்.