கரையில்லாத வேட்டியும் எல்லையில்லாத பொத்தானும்

நமது அங்கத்தினர்களிற் பலர் இன்று வரவு செலவுகளைக் கைப்பேசி வாயிலாகவே நடத்துகின்றனர். 2018-இல் தமிழக அரசு வெளியிட்ட உழவன் செயலி மானியத் திட்டங்களையும் சந்தை விலையையும் வானிலையையும் விவசாயியின் கைக்கே கொண்டுவந்தது. இவை யாவும் வரவேற்கத்தக்கவையே. எனினும், பூந்தமல்லி வட்டாரத்துச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால் ஒரு குறை நம் செவியில் அடிக்கடி விழுகிறது: “திரையில் எதை அழுத்துவது என்றே தெரியவில்லை, ஐயா!”

இதற்குக் காரணம் அவர்தம் அறியாமையன்று. திரையை வரையும் முறையில் ஏற்பட்ட மாறுதலே ஆகும். முன்னர்த் திரையிலிருந்த பொத்தான் நிழலோடு மேடாகத் தோன்றும். கண்டவுடன் விரல் தானே அதை நாடும். 2010-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் கைப்பேசித் திரையில் இவ்வலங்காரங்களை நீக்கித் தட்டையான வண்ணக் கட்டங்களை வைத்தது. 2013-இல் ஆப்பிள் நிறுவனமும் அவ்வழியே சென்றது; பிறரும் பின்பற்றினர். நாளடைவில் பல செயலிகளில் பொத்தானுக்கும் வெறும் எழுத்துக்கும் வேற்றுமையே மறைந்தது.

இம்மாறுதலில் நியாயம் இல்லாமலில்லை. தட்டை வடிவம் சிறிய திரைக்கும் பெரிய திரைக்கும் எளிதிற் பொருந்தும். கண்ணுக்கும் நெரிசல் குறையும். ஆனால், எளிமை வேறு, அடையாளமின்மை வேறு. நெசவாளர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வெள்ளை வேட்டியினும் எளிய துணி உண்டோ? அதற்கும் கரை வைத்தல்லவோ நெய்கிறோம்! கரை அழகுக்கு மட்டுமன்று. ஓரம் இதுவெனக் காட்டுவதும் அதுவே. பொத்தானைச் சுற்றிய கோடும் அத்தகையதே.

நீல்சன் நார்மன் என்னும் ஆய்வு நிறுவனம் 2017-இல் வெளியிட்ட சோதனையில், அழுத்துமிடம் தெளிவாகத் தெரியாத பக்கங்களில் மக்கள் சராசரி 22 சதவீதம் அதிக நேரம் செலவிட்டது புலனாயிற்று. ஆப்பிள் நிறுவனமே 2014-இல், பொத்தான்களுக்கு உருவம் காட்டும் வசதியொன்றை விரும்புவோர்க்கென அளித்தது.

நேரம் போனால் போகட்டும் என்று விடுவதற்கில்லை. திரை புரியாத முதியவர் கைப்பேசியையும் இரகசிய எண்ணையும் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிடுகிறார். கூலிப் பணமிருக்கும் பெட்டியைச் சாவியோடு கொடுப்பதற்கு இது ஒப்பாகும்.

சுமார் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு 2022-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. ஆகவே, எந்தச் சங்கமும் புதிய செயலியை ஏற்குமுன், முதிய அங்கத்தினர் மூவரிடம் அதைக் கொடுத்து, “பணம் செலுத்த எங்கே அழுத்துவீர்கள்?” என்று கேட்டல் நலம். விரல் தயங்குமாயின், திருத்தித் தருமாறு திருப்பி அனுப்புக. பொத்தானுக்கு எல்லைக் கோடும், படத்தின் கீழ்த் தமிழ்ச் சொல்லும் இருத்தல் வேண்டும்.

அங்கத்தினர்களும் கைப்பேசியின் அமைப்புகளிற் சென்று எழுத்தைப் பெரிதாக்கிக் கொள்ளலாம். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை, செலுத்துவதற்கே தேவை. அதை எவர் கேட்பினும் சொல்லலாகாது.

நூலின் தரம் பாராது எவரும் பாவு ஓட்டுவதில்லை. நம் பணம் புழங்கும் திரையையும் அவ்வாறே பார்த்து ஏற்போமாக.