இணைய முகவரிக்கு ஏற்ற பெயர்

குளுவாங்கில் ஒரு குடும்பம் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுவைத்து மகிழ்ந்த ஒருவர், ஜொகூர் பாருவில் வாழும் தம் அக்காளிடம் அந்தக் கடையின் இணைய முகவரியைத் தொலைபேசியில் சொல்கிறார். அக்காள் காதால் கேட்டதைக் கொண்டே அதைத் தட்டச்சு செய்ய வேண்டும். 'முறுக்கு' என்பதை ரோமன் எழுத்தில் எழுதும்போது தமிழர் பலர் இரண்டு 'கே' இடுவர்; மலாய்மொழியில் ஒரு 'கே' இட்டு எழுதுவதுண்டு. குளுவாங் என்னும் ஊர்ப்பெயரில் 'கே' எழுத்தை அடுத்து 'எல்' வருகிறது. அப்பெயருக்கு மூலமான, பெரிய வௌவாலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலோ அவ்விரண்டுக்கும் இடையே 'ஈ' என்னும் எழுத்து உள்ளது. ஓர் எழுத்து மாறினாலும் அக்காள் அந்தக் கடையைச் சென்றடைய மாட்டார்.

இவ்வாறு நாம் தட்டச்சு செய்யும் பெயரே 'டொமேன்' எனப்படும் களப்பெயர். இணையத்தில் இணைந்துள்ள கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அடையாளம் காண்கின்றன. நீண்ட எண்களை மனிதரால் நினைவில் வைத்திருப்பது கடினம். ஆகவே, பெயரைக் கூறினால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் முறையை அமெரிக்கக் கணினி அறிஞர் பால் மொக்காபெட்ரிஸ் 1983ஆம் ஆண்டில் வடிவமைத்தார். மனிதரின் நினைவாற்றலுக்குத் துணைபுரியவே களப்பெயர் தோன்றியது. எனவே, நினைவில் நில்லாத பெயரும் பிழையின்றி எழுத இயலாத பெயரும் அந்நோக்கத்தை நிறைவேற்றுவதில்லை.

ஊர்ப்பெயரைச் சேர்த்துக்கொள்ள விரும்புவோர் இன்னும் கவனமாக இருத்தல் வேண்டும். 'பாரு' என்பதற்குப் 'புதிய' என்பது பொருள். இன்றைய மலாய் எழுத்துமுறையில் அச்சொல்லில் 'எச்' இல்லை. ஜொகூர் பாருவின் பெயரிலோ 'ஏ' எழுத்துக்குப் பின் 'எச்' வருகிறது. கிளந்தானின் கோத்தா பாருவில் அதே 'எச்', 'பி' எழுத்தை அடுத்து வருகிறது. மாநிலத்தின் பெயரையும் பழைய ஆங்கில நூல்கள் இறுதியில் 'ஈ' சேர்த்து எழுதின. தமிழ்ப் பெயர்களில் இச்சிக்கல் இன்னும் மிகுதி. 'வாழை' என்பதில் வரும் ழகரத்தைச் சிலர் 'இசட் எச்' என்றும் சிலர் 'எல்' என்றும் எழுதுவர். காதுக்கு ஒன்றாக ஒலிக்கும் பெயர்கள் கணினிக்கு வெவ்வேறு பெயர்களே.

சுருக்கமும் நல்ல களப்பெயரின் பண்பாகும். புள்ளிகளுக்கு இடையே உள்ள ஒரு பகுதியில் 63 எழுத்துகள் வரை அமையலாம் என விதி இருப்பினும், அத்துணை நீண்ட பெயரை எவரும் மனத்தில் வைத்திருக்க மாட்டார். சொற்களுக்கு இடையே இடைவெளி விட இயலாது, சிறுகோடு இடலாம். ஆயினும், வாய்மொழியாகச் சொல்லும்போது அக்கோடு விடுபட்டுப்போகக்கூடும். ஜொகூர் பாரு மாநகர் மன்றம் தன் மலாய்ப் பெயரின் முதலெழுத்துகளான 'எம்பிஜேபி' என்பதையே முகவரியில் பயன்படுத்துகிறது. மக்கள் முன்பே அறிந்த சுருக்கம் என்பதால் அது பொருந்துகிறது. புதிய கடையொன்று முதலெழுத்துகளை மட்டும் இட்டால், அங்கு என்ன விற்கப்படுகிறது என்பது எவருக்கும் விளங்காது.

பெயரின் ஈறும் செய்தி சொல்கிறது. மலேசியாவுக்குரிய 'டாட் மை' ஈற்றை மைநிக் நிறுவனம் நிருவகிக்கிறது. 'கவ் டாட் மை' அரசு அமைப்புகளுக்கும் 'எடு டாட் மை' கல்வி நிலையங்களுக்கும் உரியவை. 'காம் டாட் மை' வணிகத்திற்கானது. எனவே, அரசுத்துறையின் பெயரில் வரும் இணைப்பு 'கவ் டாட் மை' என முடிகிறதா எனப் பார்ப்பது மோசடியிலிருந்து தப்பவும் உதவும்.

மலேசிய நிறுவன ஆணையத்தில் வணிகப் பெயரைப் பதிந்தவருக்கு அதே களப்பெயர் தானாகக் கிடைத்துவிடாது. அதைத் தனியே பதிய வேண்டும். அப்பெயர் பிறருடைய வணிகச் சின்னமாக உள்ளதா என்பதையும் முன்னரே ஆராய வேண்டும். பிறரது சின்னத்தை ஒத்த பெயரைத் தீய நோக்குடன் பதிந்தால், கோலாலம்பூரிலுள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மையத்தில் வழக்கை எதிர்கொள்ள நேரிடலாம், பெயரையும் இழக்கலாம். மேலும், களப்பெயர் என்றென்றைக்கும் சொந்தமாவதில்லை. குறித்த காலத்தில் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்கத் தவறினால் வேறொருவர் அதைப் பதிந்துகொள்ளலாம். அதன்பின் பழைய வாடிக்கையாளர் அனுப்பும் மின்னஞ்சல்களும் அவர் கைக்கே போய்ச் சேரக்கூடும்.

பெயரைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாமே என எண்ணுவது எளிது. ஆனால், பொட்டலத்தில் அச்சிட்டதும் பெயர்ப்பலகையில் எழுதியதும் வாடிக்கையாளர் நினைவில் பதிந்ததும் அதே பெயர்தான். ஆகவே, பதிவதற்கு முன் ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். தேர்ந்த பெயரைத் தொலைபேசியில் ஒரு முதியவரிடமும், ஒரு மாணவரிடமும், தமிழறியாத ஒரு நண்பரிடமும் ஒரே முறை சொல்லி எழுதச் சொல்ல வேண்டும். மூவரும் பிழையின்றி எழுதினால் அப்பெயரை நம்பிப் பதியலாம். குளுவாங் குடும்பம் இச்சோதனையை முதலிலேயே செய்திருந்தால், ஜொகூர் பாருவிலிருக்கும் அக்காள் வீட்டுக்கும் இவ்வாண்டுத் தீபாவளிக்கு அதே முறுக்கு போய்ச் சேர்ந்திருக்கும்.