படிக்கவும் ஆடவும் ஒரு மடிக்கணினி



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றியவன் நான். அவ்வளவு காலமும் பிள்ளைகளிடம் ஓயாமல் ஒன்றைச் சொல்லி வந்தேன். கேள்வியை முழுவதும் படித்த பிறகே விடை எழுதத் தொடங்க வேண்டும் என்பதே அது. அந்த அறிவுரையை நானே மறந்துபோன ஒரு நாளைப் பற்றி முதலில் கூறிவிட்டுப் பின்னர்ப் பொருளுக்கு வருகிறேன்.

2022-ஆம் ஆண்டில் என் பேத்தி திருச்சிராப்பள்ளியில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் சேர்ந்தாள். எங்கள் ஊர் இலால்குடிக்கு அருகில் உள்ளது. அவளுக்கு மடிக்கணினி வாங்கித் தரும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். பணம் என் ஓய்வூதியச் சேமிப்பு. “எதற்கு வேண்டும், ஐயா?” என்று கடைக்காரர் கேட்டார். “படிப்புக்கு மட்டும், விளையாட்டுக்கு அன்று” என்று அழுத்தந்திருத்தமாகச் சொன்னேன். எந்தப் படிப்பு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மெல்லிய, அழகிய கணினி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதை மகிழ்ச்சியோடு வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

இரண்டாம் ஆண்டில் கட்டடங்களை முப்பரிமாண உருவங்களாக அமைக்கும் பயிற்சி தொடங்கியது. அந்தக் கணினி அதற்கு ஈடுகொடுக்கவில்லை. பாதி வேலையில் அசையாமல் நின்றுவிடும். பேத்தி என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கல்லூரிக் கணினி அறை மூடும்வரை அங்கேயே இருந்து வேலையை முடித்துக்கொண்டு, கடைசிப் பேருந்தில் வீடு திரும்புவாள். காரணம் கேட்டால், “லேபில் வேலை இருந்தது, தாத்தா” என்பாள். இப்படி இரண்டு ஆண்டுகள் கழிந்தன. படிப்பில் அவளுக்கு இருந்த ஊக்கத்தை எண்ணி நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

2025-ஆம் ஆண்டு சூன் மாதம் அவள் தம்பி பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் பாடத்தை எடுத்துக்கொண்டான். படிக்கவும் விளையாடவும் உதவக்கூடிய கணினி வேண்டும் என்றான். “படிப்புக்கு மட்டும்” என்று நான் தொடங்கினேன். அப்போதுதான் பேத்தி, “எனக்கு வாங்கும்போதும் இதையேதான் சொன்னீர்கள், தாத்தா” என்றாள். கடைசிப் பேருந்தின் கதை அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் எனக்கு விளக்கிய செய்தி இது. விளையாட்டில் வரும் காட்டையும் மலையையும் திரையில் தீட்டிக் காட்டும் உறுப்பு எதுவோ, அதுவே ஒரு வீட்டின் சுவரில் வெயில் எப்படி விழும், நிழல் எப்படிப் படியும் என்பதையும் தீட்டிக் காட்டுகிறது. அதற்கு வரைகலைச் சில்லு என்று பெயர்; கடைகளில் கிராபிக்ஸ் கார்டு என்பார்கள். கணினியின் மையச் செயலியை அருங்கணக்கு ஒன்றைப் படிப்படியாகத் தீர்க்கும் புலவராகக் கொள்வோம். வரைகலைச் சில்லு ஆயிரம் சிறுவர்கள் அமர்ந்த வகுப்பைப் போன்றது. ஒவ்வொரு சிறுவனும் செய்வது சிறு கூட்டல்தான். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் செய்கிறார்கள். இன்றைய சாதாரணத் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் 20,73,600 புள்ளிகள். காட்சி தடையின்றி ஓட வேண்டுமானால் விநாடிக்கு 60 முறையேனும் அத்தனைக்கும் நிறம் கணிக்கப்பட வேண்டும். அது விநாடிக்குப் பன்னிரண்டு கோடிக்கு மேல் ஆகிறது. இதைத் தனியொரு புலவரிடம் ஒப்படைப்பது முறையாகுமா?

விளையாட்டுக்கென்று செய்த இந்தச் சில்லைத் தாழ்வாக எண்ணியிருந்தவன் நான். ஆனால் 2012-ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர், படங்களைப் பார்த்து அவற்றில் உள்ள பொருளை இனங்காணும்படி ஒரு கணினிக்குப் பயிற்சி அளித்தார்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவு வளர்ச்சிக்குப் பெரும் திருப்பமாக அமைந்த அந்த வேலைக்கு அவர்கள் பயன்படுத்தியவை, விளையாட்டுப் பிரியர்களுக்காக விற்கப்பட்ட இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளே. அம்மூவருள் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன் 2024-ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அப்படியானால் எல்லாப் பிள்ளைகளுக்கும் தனிச் சில்லு உள்ள கணினி வேண்டுமா? வேண்டியதில்லை. இங்கேதான் பெற்றோர் பலர் நான் செய்த பிழைக்கு நேர்மாறான பிழையைச் செய்கிறார்கள். “விளையாட்டு” என்ற சொல்லைக் கேட்டவுடன் கடையில் உள்ளவற்றுள் பெரியதைக் காட்டச் சொல்கிறார்கள். எந்த விளையாட்டு என்று பிள்ளையைக் கேட்க வேண்டும். என் பேரன் சொன்ன பெயர்கள் மைன்கிராஃப்ட், வாலரண்ட் என்பன. இவை இரண்டும் மையச் செயலியுடனேயே இணைந்து வரும் வரைகலைப் பகுதியைக் கொண்டே இன்றைய கணினிகளில் நன்றாக ஓடக்கூடியவை. பதினொன்றாம் வகுப்பின் சி பிளஸ் பிளஸ் மொழிக்கும், பன்னிரண்டாம் வகுப்பின் பைத்தான் மொழிக்கும் அதுவே மிகுதி. இத்தகைய பிள்ளைக்கு ஒன்றரைக் கிலோ எடையுள்ள எளிய கணினி போதும். கையில் உள்ள பணமும் மிஞ்சும். இணைந்து வரும் அப்பகுதிக்குச் சொந்த நினைவகம் கிடையாது. கணினியின் பொது நினைவகத்தில் இருந்தே கடன் வாங்கிக்கொள்கிறது. ஆகையால் அவ்வகைக் கணினியில் 16 ஜிகாபைட் ரேம் இருத்தல் நன்று. அதுவும் ஒரே அட்டையாக இல்லாமல் 8, 8 என இரண்டு அட்டைகளாக இருந்தால், போக்குவரத்துக்கு இரண்டு பாதைகள் கிடைத்து விளையாட்டு விரைவாக ஓடும். வாலரண்ட் ஆப்பிள் மடிக்கணினியில் ஓடாது என்பதையும் முன்னரே அறிந்துகொள்வது நல்லது.

சைபர்பங்க் 2077 போன்ற கனமான விளையாட்டுகளோ, என் பேத்தியின் படிப்பைப் போன்ற முப்பரிமாண வேலையோ இருந்தால் தனிச் சில்லு வேண்டும். அக்காளும் தம்பியும் ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொள்வதாக முடிவு செய்ததால் எங்களுக்கும் அது வேண்டியதாயிற்று. அதன் பிறகு நான் கற்றுக்கொண்டதுதான் இப்பேச்சில் முதன்மையானது. எந்தக் கடைப் பலகையிலும் அதை நான் கண்டதில்லை.

ஒரே பெயர் கொண்ட இரு மாணவர்கள் ஒரே மதிப்பெண் பெறுவதில்லை. சில்லுகளும் அப்படியே. என்விடியா நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ். 4050 என்னும் மடிக்கணினிச் சில்லை எடுத்துக்கொள்வோம். 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த மின்னளவில் வேண்டுமானாலும் அதை இயக்கலாம் என்று நிறுவனமே வரையறுத்துள்ளது. கணினியைச் செய்பவர் அந்த எல்லைக்குள் தமக்கு ஏற்ற அளவை அமைத்துக்கொள்கிறார். மெல்லிய உடல் கொண்ட கணினியில் குறைந்த அளவு. தடித்த உடலும் பெரிய விசிறிகளும் கொண்டதில் மிகுந்த அளவு. பெட்டியின் மேல் ஒட்டிய பெயர் இரண்டிலும் ஒன்றே. ஆனால் மின்னளவு குறைந்தது, கனமான வேலையில் மற்றதற்குப் பெரிதும் பின்தங்கிவிடும். இந்த அளவை டி.ஜி.பி. என்று குறிப்பிடுகிறார்கள். செய்த நிறுவனத்தின் விவரப் பட்டியலில் தேடினால் கிடைக்கும். மையச் செயலியிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. இன்டெல் செயலிகளின் பெயர் இறுதியில் ‘யு’ என்ற எழுத்து இருந்தால் ஏறத்தாழ 15 வாட் அளவில் சிக்கனமாக இயங்கும் வகை. ‘எச்’ என்று இருந்தால் அதைவிட மிகுந்த மின்னளவில் இயங்கும் வலிய வகை.

உள்ளே செல்லும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாக வெளியேற வேண்டும். கணினியின் பின்புறமும் அடிப்புறமும் காற்றுவழிகள் இருப்பது அதற்காகவே. சித்திரை வெயிலில், மெத்தையின் மேல் வைத்து ஆடினால், அடிப்புறத்து வழி அடைபட்டுக் கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. பிள்ளைகள் “கணினி பழுதாகிவிட்டது” என்று சொல்வதில் ஒரு பகுதி இதுதான். மேசையில் வைத்துப் பின்புறத்தைச் சற்றே உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆண்டுக்கொரு முறை விசிறியின் தூசியை அகற்றவும் வேண்டும்.

அடுத்தது மின்கலம். அதன் கொள்ளளவை வாட்-மணி என்ற அலகில் அளக்கிறார்கள். இது எட்டாம் வகுப்பு மாணவனும் போடக்கூடிய வகுத்தற் கணக்கு. 50 வாட்-மணி கொண்ட மின்கலம், 10 வாட் செலவில் கட்டுரை எழுதினால் ஐந்து மணி நேரம் நிற்கும். 60 வாட் செலவில் விளையாடினால் ஐம்பதே நிமிடம். சார்ஜரைக் கழற்றிவிட்டால் தனிச் சில்லின் வலிமையும் குறைந்துவிடும். ஆதலால் விளையாட்டுக் கணினி என்பது பெரும்பாலும் சுவர் மின்செருகியோடு கட்டுண்ட பொருளே. மின்கலத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாகாதா என்று கேட்கலாம். 100 வாட்-மணிக்கு மேற்பட்ட மின்கலத்தை விமானத்தில் கொண்டுசெல்ல நிறுவனத்தின் தனி அனுமதி வேண்டும். அதனால் செய்பவர்கள் அந்த வரம்பைத் தாண்டுவதில்லை. எடையும் சிறிதன்று. கணினி பெரும்பாலும் இரண்டே கால் கிலோவை ஒட்டி இருக்கும். சார்ஜர் அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். நாள்தோறும் தோளில் சுமந்து செல்லும் பிள்ளைக்கு இது பொருந்துமா என்று அதைத் தூக்கிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடலாம். நினைவகம் 16 ஜிகாபைட். அது பலகையோடு பற்றவைக்கப்பட்டதா, பின்னர் மாற்றக்கூடியதா என்று கேட்டறிதல் வேண்டும். என் பேத்தியின் கணினியில் 8 ஜிகாபைட் பற்றவைக்கப்பட்டிருந்தது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதைக் கூட்ட வழியில்லை. சேமிப்புக்கு 512 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி. தொடக்கத்திற்குப் போதும். விண்டோஸ் அதை 476 என்றே காட்டும். கணக்கிடும் முறையில் உள்ள வேறுபாடே அன்றி ஏமாற்று அன்று. ஆனால் சில விளையாட்டுகள் ஒவ்வொன்றும் 100 ஜிகாபைட்டுக்கு மேல் விழுங்குகின்றன; எனவே இரண்டாவது எஸ்.எஸ்.டி. பொருத்த இடம் உண்டா என்று பார்த்துக்கொள்ளலாம். பழைய கணினி வாங்குவோர், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்ததை மறவாமல், விண்டோஸ் 11 ஏற்கும் கணினிதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

திரையைப் பற்றி மட்டும் ஒரு சொல். 144 ஹெர்ட்ஸ் என்பதைப் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்வார்கள்; விநாடிக்கு அத்தனை முறை காட்சி புதுப்பிக்கப்படும் என்பது பொருள். ஆட்டத்திற்கு அது நல்லதே. ஆனால் விலை குறைந்த விளையாட்டுக் கணினிகள் பல, நிறத்தில்தான் சிக்கனம் பிடிக்கின்றன. விவரப் பட்டியலில் 45 விழுக்காடு என்.டி.எஸ்.சி. என்று இருந்தால் நிறங்கள் வெளிறித் தோன்றும். 100 விழுக்காடு எஸ்.ஆர்.ஜி.பி. என்று இருப்பதே வரைபவர்க்கு ஏற்றது. கட்டடத்துச் செங்கல் சுவர் காவி நிறமாகத் தெரியாமல் வெளிறிப்போனால் பேத்தியின் ஆசிரியர் ஒத்துக்கொள்வாரா?

இம்முறை மூவருமாக வேறொரு கடைக்குச் சென்றோம். டி.ஜி.பி., நினைவகம், திரையின் நிறம், எடை என்று பேரன் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். கடைக்காரர் முதலில் காட்டிய கணினி பளபளப்பானது. விசைப்பலகையில் ஏழு நிற விளக்குகள். விவரப் பட்டியலைத் தேடிப் பார்த்ததில் அதன் சில்லு 45 வாட் என்று தெரிந்தது. அடுத்தது கறுத்துத் தடித்து, பழைய இரும்புப் பெட்டி போல் இருந்தது. அதில் 95 வாட். பேரன் விளக்குகளை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, கறுப்புப் பெட்டியைக் காட்டினான்.

இப்போது அது எங்கள் கூடத்து மேசையில் இருக்கிறது. மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை அக்காளின் வரைபடங்கள்; பின்னர் தம்பியின் பாடம்; அதன்பின் அவனுக்கு ஒரு மணி நேரம் விளையாட்டு. விசிறி இரைகிறது என்று என் மனைவி முணுமுணுக்கிறாள். பேத்தி ஐந்தரை மணிப் பேருந்தில் வந்துவிடுகிறாள்.