நான்கு பைகள், ஒரு ஹோட்டல், நாம் இழந்துகொண்டிருக்கும் சிரிப்பு

கட்டம் போட்ட துணிப்பைகள் நான்கு. அளவு, நிறம், கைப்பிடி எதிலும் வித்தியாசம் கிடையாது. ஒன்றில் ஓர் ஆராய்ச்சியாளரின் தீப்பாறைக் கற்கள். ஒன்றில் ஊர் ஊராகச் சுற்றும் ஒரு பெண்ணின் துணிமணிகள். மூன்றாவதில் ஒரு பணக்காரச் சீமாட்டியின் நகைகள். நான்காவதில் அரசாங்க ரகசியக் காகிதங்கள். நான்கும் சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தில் ஒரே ஹோட்டலின் ஒரே மாடிக்கு வந்து சேர்கின்றன. 1972-ல் பீட்டர் போக்டனோவிச் இயக்கிய ‘வாட்ஸ் அப், டாக்?’ படத்தின் மொத்த மூலதனமும் இதுதான். அந்த ஆண்டில் அமெரிக்காவில் பெரும் வசூல் குவித்த படங்களில் இதுவும் ஒன்று.

முந்தைய ஆண்டுதான் ‘தி லாஸ்ட் பிக்சர் ஷோ’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தில், டெக்சாஸின் ஒரு சிற்றூர் வாடிப்போவதைக் காட்டி எல்லோரையும் கனக்க வைத்திருந்தார் இந்த இயக்குநர். அடுத்து அவர் கையில் எடுத்தது முழுநீள ஆள்மாறாட்டக் கூத்து. ஹோவர்ட் ஹாக்ஸ் 1938-ல் எடுத்த ‘பிரிங்கிங் அப் பேபி’தான் அவருக்கு வழிகாட்டி. அந்தப் படம் வந்த காலத்தில் ஓடவில்லை. பிறகுதான் கொண்டாடப்பட்டது.

பைகள் மாறுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். படத்தின் உயிர் எனக்குத் தெரிவது மனிதர்கள் மாறும் இடத்தில். கல் ஆராய்ச்சிக்கார ஹோவர்ட் (ரையன் ஓ’நீல்) ஒரு மாநாட்டுக்காக வந்திருக்கிறார். ஆதிமனிதன் பாறைகளைத் தட்டி இசை எழுப்பினான் என்பது அவருடைய கருத்து. அதை ஆராய 20,000 டாலர் நிதியுதவி வேண்டும். கூடவே வந்திருப்பவள் நிச்சயிக்கப்பட்ட பெண் யூனிஸ். அவருடைய டையைச் சரிசெய்வதிலிருந்து என்ன பேச வேண்டும் என்பது வரை எல்லாம் அவள்தான். அன்றைய விருந்தில், நிதி கொடுக்கப்போகும் செல்வந்தரிடம் தன்னை யூனிஸ் என்று சொல்லிக்கொண்டு வேறொருத்தி வந்து அமர்கிறாள். ஜூடி. பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் நடித்த பாத்திரம். செல்வந்தருக்கு அவளைப் பார்த்த மாத்திரத்திலேயே பிடித்துப்போகிறது.

ஹோவர்ட் ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். சொல்ல மாட்டேன் என்கிறார். சொன்னால் நிதி போய்விடும். பிறகு உண்மையான யூனிஸ் வாசலில் வந்து நின்று தன் பெயரைச் சொல்லிக் கத்தும்போது, ‘இவளை உமக்குத் தெரியுமா’ என்று அவரிடம் கேட்கிறார்கள். தெரியாது என்று சொல்லிவிடுகிறார்! அரங்கம் வெடித்துச் சிரிக்கும் இடம் அது. ஒரு மனிதன் பணத்துக்காகத் தன் வருங்கால மனைவியைக் கைவிடும் இடமும் அதுதான். யூனிஸாக வந்த மேடலின் கானுக்கு இது முதல் முழுநீளப் படம். கீச்சுக்குரலோடு அவர் அழுது துடிக்கும்போது, சிரித்துக்கொண்டே நமக்குக் கொஞ்சம் நெஞ்சு வலிக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் செய்ய எத்தனை நடிகர்களால் முடியும்?

ஹோட்டல் இந்த வகைக் கதைக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்குப் பழைய விடை இருக்கிறது. 1894-ல் பாரிஸில் ஜார்ஜ் ஃபேதோ ஒரு ஹோட்டலை வைத்து நாடகம் போட்டார். 1907-ல் வந்த அவருடைய இன்னொரு நாடகத்தில் ஒரு கனவானும் ஹோட்டல் வேலைக்காரனும் அச்சு அசலாக ஒரே முகம். இருவரையும் ஒரே நடிகர் நடிப்பார். வீட்டில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். தெருவில் யாருக்கும் யாரைப் பற்றியும் அக்கறையில்லை. ஹோட்டலில் மட்டும்தான் முன்பின் தெரியாதவர்கள் ஒரு சுவர் இடைவெளியில் படுத்து உறங்குகிறார்கள். ஒருவர் சொல்லும் பெயர்தான் அங்கே அவர். வரிசையாகக் கதவுகள் வேறு. போக்டனோவிச் அந்த மாடியின் நீண்ட தாழ்வாரத்தைக் காட்டும்போது கேமராவைச் சும்மா நிற்க விடுகிறார். ஒரு கதவு சாத்தினால் இன்னொன்று திறக்கிறது, பையோடு ஒருவர் போகிறார், பையில்லாமல் ஒருவர் வருகிறார். எங்கே பார்க்க வேண்டும் என்று யாரும் நம் தலையைப் பிடித்துத் திருப்பவில்லை. நாமே தேடிக் கண்டுபிடிக்கிறோம். கண்டுபிடித்ததும் வரும் சிரிப்பில் ஒரு பெருமிதமும் சேர்ந்துகொள்கிறது.

திரைக்கதையில் மூவர் கை உண்டு. அவர்களில் பக் ஹென்றி, கதையில் சிக்கல் போதவில்லை என்று சொல்லி இன்னொரு பையைச் சேர்த்தார். இந்தச் செய்தியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. இன்றைக்கு ஒரு கதை விவாதத்தில் உட்கார்ந்தால் இதற்கு நேர்மாறான குரல்தான் கேட்கும்: ‘ஆடியன்ஸுக்குப் புரியாது, ஒரு பையைத் தூக்கிடலாம்.’

முதல்முறை பார்க்கும்போது எந்த நிமிடத்தில் எந்தப் பை யாரிடம் இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்வது எளிதல்ல. அது தேவையும் இல்லை. நான்கு பைகள் இருக்கின்றன, எதை யார் தேடுகிறார்கள் என்ற இரண்டையும் மறக்காமல் இருந்தால் போதும். மீதியைப் படம் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த இரண்டையும் மறக்காமல் இருக்க 94 நிமிடம் உட்கார வேண்டும். என் கவலையெல்லாம் அந்த 94 நிமிடத்தைப் பற்றித்தான்.

இந்தப் படத்தைக் கேள்விப்பட்ட இளையவர்கள் பலருக்கும் தெரிந்தது அதன் கார் துரத்தல் காட்சி மட்டும். போனில் துண்டு துண்டாகச் சுற்றிவருவது அதுதான். சீனக் குடியிருப்பின் ஊர்வலத்தில் டிராகன் பொம்மைக்குள் புகுந்து, செங்குத்தான சாலைகளில் உருண்டு, கடைசியில் கார்கள் கடலில் விழும் நெடிய துரத்தல். நடுவில் தெருவைக் கடக்கும் ஒரு பெரிய கண்ணாடிப் பலகை. அதைத் தூக்கிச் செல்பவர்கள் ஒவ்வொரு முறையும் தப்பிக்க, உயரத்தில் பேனர் கட்டிக்கொண்டிருக்கும் ஏணிக்காரரால் அது கடைசியில் நொறுங்குகிறது. அருமையான காட்சிதான். ஆனால் துரத்துபவர்களில் யார் கல்லுக்காக வருகிறார், யார் நகைக்காக, யார் காகிதத்துக்காக என்று தெரியாமல் பார்ப்பவருக்கு அது வெறும் கார்கள் மோதுவது. மோதலைப் பார்க்கக் கண் போதும். ஒரு கற்குவியலுக்காக இத்தனை பேர் உயிரை வெறுத்து ஓடுகிறார்கள் என்று சிரிக்க ஞாபகம் வேண்டும்.

இது வேற்றூர்க் கதை என்று விட்டுவிட முடியவில்லை. 1990-ல் வந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ நம்மிடம் உள்ள ஆள்மாறாட்டப் படங்களில் சிகரம். கமல்ஹாசனின் நான்கு முகங்கள், கிரேசி மோகனின் வசனம், சிங்கீதம் சீனிவாச ராவின் இயக்கம். சாம்பாரில் மீன் விழும் காட்சி தமிழ் தெரிந்த எல்லோருடைய போனுக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். படத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் பார்த்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்? நால்வரும் ஒரே வீட்டுக்குள் முட்டிக்கொள்ளும் அந்த உச்சக்கட்டம், முன்னால் இரண்டு மணி நேரம் பொறுமையாகக் கட்டியதால் நிற்கிறது. அதைத் தனியே வெட்டி எடுத்துப் பார்த்தால் கூச்சலாகத்தான் கேட்கும். நம் சினிமாவில் காமெடி டிராக் கதையிலிருந்து பிரிந்தே வளர்ந்தது என்பதால், வெட்டிப் பார்ப்பது நமக்குப் பழகிவிட்டது. கதையோடு பின்னிய சிரிப்புக்கும் அதே கத்தரியை வைக்கிறோம் என்பதுதான் ஆபத்து. எழுதுகிறவர்களும் அதைக் கவனித்துவிட்டார்கள். எந்த இரண்டு நிமிடத்தை எடுத்தாலும் தனியாக ஓட வேண்டும் என்று எழுதப்படும் காமெடியில், முதல் பாதியில் விதைத்ததை இரண்டாம் பாதியில் அறுவடை செய்ய இடமே இல்லை.

துண்டுகளைப் பார்த்துத்தான் புதிய தலைமுறை முழுப் படத்தைத் தேடி வருகிறது என்று சொல்பவர்களும் உண்டு. சிலர் வரலாம். வராமல் அடுத்த துண்டுக்கு விரலை நகர்த்துபவர்களே என் கண்ணில் அதிகம் படுகிறார்கள்.

‘வாட்ஸ் அப், டாக்?’ படத்தில் துரத்தல் முடிந்து எல்லோரும் நனைந்து நடுங்கிக்கொண்டு நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். நடந்தது என்ன என்று ஹோவர்ட் நீதிபதிக்கு விளக்க ஆரம்பிக்கிறார். பை, கல், நகை, யூனிஸ் அல்லாத யூனிஸ். மாத்திரைகளின் தயவில் ஓடிக்கொண்டிருக்கும் அந்த முதியவருக்கு ஒவ்வொரு வாக்கியத்திலும் குழப்பம் கூடுகிறது. கேமரா பெரும்பாலும் அவர் முகத்தில்தான். புதிதாக எந்தக் கூத்தும் அந்த அறையில் நடக்கவில்லை, பேச்சு மட்டும்தான். ஆனாலும் படத்தில் நான் மிக அதிகமாகச் சிரித்தது அங்கேதான். ஹோவர்ட் உளறுவது அத்தனையும் உண்மை என்று நமக்குத் தெரியும், நீதிபதிக்குத் தெரியாது. கடைசியாகப் போர்வை மூடிய ஓர் உருவம் அவர் முன்னால் வருகிறது. போர்வை விலகுகிறது. உள்ளே ஜூடி, நீதிபதியின் சொந்த மகள். இன்னொருத்தியின் பெயரில் திரிந்தவளை அவளுடைய சொந்தப் பெயரோடு அறிந்தவர் அவர். மனிதர் அப்படியே சரிந்துவிழ, மேசையும் சேர்ந்து உடைகிறது.